எங்கே என்ற கேள்விக்கு எத்தனை விடை: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை முன்வைத்து



காளத்தி, காஞ்சி, சிதம்பரம் ஆகிய மூன்று ஊர்களின் கோயில்களும் ஒரே தீர்க்கக்கோட்டில் நிற்கின்றன என்ற செய்தி பல ஆண்டுகளாகக் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிக்கொண்டிருக்கிறது. படித்தவர்கள் பலர் கேட்டதும் முகம் சுளித்துத் தள்ளிவிடுகிறார்கள். தள்ள வேண்டியதில்லை, அளந்து பார்த்தால் போதும். மூன்றும் கிழக்குத் தீர்க்கம் 79 பாகை 41, 42 கலை அளவில்தான் இருக்கின்றன. காளத்திக்கும் சிதம்பரத்துக்கும் இடையே வடக்குத் தெற்காக ஏறத்தாழ 260 கிலோமீட்டர். அவ்வளவு நீளத்தில் கிழக்கு மேற்கு விலகல் ஒரு கிலோமீட்டரைத் தாண்டவில்லை. ஆக, செய்தி பொய்யல்ல. ஆனால் இம்மூன்றும் சேர்ந்த ஐம்பூதத் தலங்களில் திருவண்ணாமலை இந்தக் கோட்டுக்கு எழுபது கிலோமீட்டர் அளவில் மேற்கே விலகியிருக்கிறது. திருவானைக்கா நூறு கிலோமீட்டருக்கும் மேல் விலகியிருக்கிறது. அரக்கோணமும் திண்டிவனமும் மயிலாடுதுறையுமோ கோட்டிலிருந்து சில கிலோமீட்டருக்குள் வந்துவிடுகின்றன. அரக்கோணம் சந்திப்பின் அண்ட ரகசியம் பற்றி இதுவரை யாரும் செய்தி அனுப்பியதாகத் தெரியவில்லை.

இதே செய்தியின் இன்னொரு கிளை, சிதம்பரம் உலகக் காந்த நடுக்கோட்டின் மையம் என்கிறது. இங்கே நிலைமை வேறு. காந்த ஊசி எந்தப் பக்கமும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் இடங்களை இணைப்பது காந்த நடுக்கோடு. பூமியைச் சுற்றி வரும் கோட்டுக்கு மையம் என்று ஒன்று கிடையாது. கோடும் ஓரிடத்தில் நிற்பதில்லை, காலப்போக்கில் நகர்கிறது. இந்தியாவில் அது தென்முனையை ஒட்டிச் செல்வதால்தான் 1963இல் ராக்கெட் ஏவத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்தார்கள். அட்சக்கணக்கில் சிதம்பரம் தும்பாவுக்கு ஏறத்தாழ மூன்று பாகை வடக்கே, அதாவது முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். முதல் செய்தி அளவில் சரி, அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் வெற்று. இரண்டாவது அளவிலேயே தவறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி மூடநம்பிக்கை என்று எழுதிவிடுவது சோம்பல்.

இரண்டுக்கும் அடியில் கிடக்கும் நம்பிக்கை ஒன்றே. ஓர் ஊர் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அது எப்படிப்பட்ட ஊர் என்பதும் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை அது. நம் பாடநூல்களும் இதை ஒருவகையில் வளர்க்கின்றன. 1984இல் அமெரிக்கப் புவியியலாளர்கள் பள்ளிகளுக்காக ஐந்து கருப்பொருள்களை வகுத்தார்கள்: அமைவிடம், இடம், மனிதருக்கும் சூழலுக்கும் உள்ள உறவு, இடப்பெயர்ச்சி, வட்டாரம். தொலைவு, அளவுகோல் போன்றவற்றையும் சேர்த்துக்கொண்டு உலகெங்கும் இத்தகைய பட்டியல்கள் பாடமாகின்றன. மாணவர் பட்டியலை ஒப்பிக்கிறார். ஆறு, மலை, கனிமம்போல இவையும் நிலத்தில் கிடப்பவை என்று எண்ணிக்கொள்கிறார். என் கருத்து வேறு. தொலைவையும் எல்லையையும் வட்டாரத்தையும் யாரோ ஒருவர், ஒரு கேள்விக்கு விடை காண, ஏதோ ஓர் அளவில் தேர்ந்தெடுத்து நிலத்தின்மேல் வைக்கிறார். வைத்தபின் பொருந்துகிறதா என்று சோதிக்க நிலம் இடம் கொடுக்கிறது. தேர்வு, சோதனை என்ற இரண்டும் சேர்ந்ததுதான் புவியியல். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை.

1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. புனித டேவிட் கோட்டை என்று பின்னால் பெயர்பெற்றது அதுதான். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்குக் காணிக்கணக்கோ காதக்கணக்கோ வைக்கவில்லை. கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை என்பது பேச்சு. அப்போது சென்னையில் ஆளுநராக இருந்தவர் எலைஹு யேல். சென்னையிலிருந்து பெரிய பித்தளைப் பீரங்கி ஒன்று வந்தது. வெவ்வேறு திசைகளில் சுடப்பட்டது. குண்டு எட்டிய வட்டத்துக்குள் அகப்பட்டவை குண்டு கிராமங்கள் ஆயின. கடலூர் நகரமும் அதற்குள் அடங்கியது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் அந்தக் கணக்கு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த நிகழ்ச்சியைக் காலனியக் குறும்பு என்று சிரித்துவிட்டுப் போவது எளிது. சற்று நின்று பார்த்தால் தொலைவு என்ற கருத்தின் உள்கட்டு முழுவதும் இதில் வெளியே தெரிகிறது. குண்டு எட்டும் தூரம் இயற்கை தந்ததல்ல. பீரங்கியின் நீளம், மருந்தின் அளவு, குழாயைத் தூக்கிவைத்த கோணம், சுடுபவரின் கைத்திறன் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. பீரங்கியைத் தேர்பவரே வாங்குபவராகவும் இருந்தால் தூரம் எந்தப் பக்கம் நீளும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் விற்றவர், வாங்கியவர் இருவரும் ஒப்புக்கொண்ட அளவை அது. பாதுகாப்பு என்ற ஒரே கேள்விக்கு அது பொருத்தமான விடையும்கூட. கோட்டைக்காரருக்கு வேண்டியது தன் பீரங்கி காக்கக்கூடிய நிலம். அதற்கப்பால் உள்ள காணி அவருக்குச் சுமை. கடல்மேல் ஒரு நாட்டின் உரிமை கரைப்பீரங்கி எட்டும் தூரம்வரை என்ற கொள்கையை டச்சுச் சட்ட அறிஞர் பைங்கர்ஸ்ஹூக் எழுதியது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கடலூர் அவருக்கு முந்திவிட்டது. அந்த வட்டத்துக்குள் நிலம் வைத்திருந்த உழவரிடமோ தேவனாம்பட்டினத்து மீனவரிடமோ கேட்டிருந்தால் எல்லைக்கு வேறு அளவை சொல்லியிருப்பார்கள்: ஏரிநீர் பாயும் கடைசி வயல், வலை இழுக்கும் கரை. அவர்களை யாரும் கேட்கவில்லை.

1970இல் வால்டோ டோப்ளர் என்ற அமெரிக்கப் புவியியலாளர், எல்லாமே ஒன்றோடொன்று தொடர்புடையவை, ஆனால் அருகில் உள்ளவற்றுக்குத் தொடர்பு அதிகம் என்றார். புவியியலின் முதல் விதி என்றே இதைச் சொல்கிறார்கள். விதி பயனுள்ளதுதான், அருகு என்பதை எதைக் கொண்டு அளப்பது என்று அது சொல்வதில்லை. வீராணம் ஏரியை எடுத்துக்கொள்வோம். சோழர் காலத்து ஏரி. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பகுதி வயல்களுக்காக வெட்டியது. மேட்டூரில் திறக்கும் நீர் கல்லணை, கொள்ளிடம், கீழணை, வடவாறு வழியாக அதற்கு வருகிறது. 2004 முதல் அங்கிருந்து சென்னைக்குக் குழாயில் குடிநீர் போகிறது. தூரம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். சென்னை நாளிதழ்களில் அன்றாட நீர் இருப்பு நிலவரத்தைப் பாருங்கள்: பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று வரிசையாகப் போய், அதே மூச்சில் வீராணம் என்று முடியும். குழாய்க்கணக்கில் அது சென்னையின் புறநகர். ஏரிக்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் கடைமடை வயல் வறண்டு கிடக்கும் ஆண்டிலும் சென்னை அதற்கு அருகில்தான்.

2004 டிசம்பர் 26 இன்னும் கடுமையான சான்று. சுமத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தது இந்திய நேரம் காலை 6.29க்கு. அலை இரண்டாயிரம் கிலோமீட்டர் அளவு கடந்து கடலூர்க் கரையை அடைந்தபோது எட்டரை மணிக்கு மேல். அலைக்குச் சுமத்திரா இரண்டு மணி நேரத் தொலைவு. செய்திக்கோ அது எட்டாத தொலைவாக இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் தேவனாம்பட்டினத்துக்கோ சாமியார்பேட்டைக்கோ ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. மாவட்டத்தில் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது. கிலோமீட்டர்கள் அப்படியேதான் இருக்கின்றன. தொலைவு குறைந்துவிட்டது.

இங்கே ஒரு மறுப்பு எழும். தொலைவும் எல்லையும் தேர்வு என்றால் அவரவர் விருப்பம்போல் எதையும் சொல்லலாமே, அறிவியல் எங்கே நிற்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை பிச்சாவரம் அலையாத்திக்காட்டை ஒட்டிய மீனவர் குப்பங்களை வைத்து நடந்த ஒரு வாதத்திலேயே இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையத்தின் கதிரேசன், இராஜேந்திரன் இருவரும் அந்தக் கரையில் 18 குப்பங்களின் உயிரிழப்பு, கடலிலிருந்து உள்ள தொலைவு, தரையின் உயரம், சுற்றியுள்ள மரச்செறிவு ஆகியவற்றைத் தொகுத்து, அலையாத்திக்காடு சேதத்தைத் தணித்தது என்று 2005இல் எழுதினார்கள். அதே ஆண்டில் டேனியல்சனும் உடனாய்வாளர்களும் செயற்கைக்கோள் படங்களில் கடலூர்க் கரையை ஆராய்ந்து ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தார்கள்: காட்டுக்கு முன்னால் கடலோரம் இருந்த ஊர்கள் அழிந்தன, காட்டுக்குப் பின்னால் இருந்தவை தப்பின. செய்தி உலகெங்கும் பரவியது. மறு ஆண்டு கெர், பெயர்டு, கேம்பல் என்ற மூவர் பரங்கிப்பேட்டை எண்களையே எடுத்து மீண்டும் கணக்கிட்டார்கள். குப்பத்தின் உயரத்தையும் கடலிலிருந்து உள்ள தொலைவையும் கணக்கில் சேர்த்துவிட்டால் உயிரிழப்பில் உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி அவற்றாலேயே விளங்கிவிடுகிறது, மரங்களுக்கு என்று தனியாக மிஞ்சுவது மிகச் சிறிது என்றார்கள். அதன்பின் அதே எண்களை வேறு முறையில் கணக்கிட்டுக் காட்டின் பக்கம் பேசியவர்களும் உண்டு.

இந்த வாதத்தில் யார் வென்றார் என்பதைவிட, வாதம் ஏன் இவ்வளவு சிக்கலானது என்பதே நமக்கு முக்கியம். அலையாத்தி மரம் திறந்த அலையடிக்கும் கரையில் வளர்வதில்லை. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், மணல்மேட்டுக்கு உள்ளே, ஓதம் ஏறி இறங்கும் உப்பங்கழிச் சேற்றில்தான் வளரும். ஆகவே காட்டுக்குப் பின்னால் உள்ள ஊர் எதுவும் கடலுக்கு வெகு அருகில் இருக்க வழியில்லை. கடலுக்கு வெகு அருகில் உள்ள ஊர் எதற்கும் முன்னால் காடு இருக்க வழியில்லை. கடலுக்கும் கழிக்கும் நடுவே மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு காட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அலையை நேரே வாங்கியது. காடு, தொலைவு, உயரம் என்ற மூன்றையும் தாளில் மூன்று பத்தியாக எழுதிவிடலாம். நிலத்தில் அவை ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. 18 குப்பங்களைக் கொண்டு அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம். டேனியல்சன் குழு பார்த்தது படத்தில் தெரியும் கரைச் சேதத்தை. மற்றவர்கள் பார்த்தது குப்பம் குப்பமாக உயிரிழப்பை. அளவுகோல் வேறு, ஆகவே கேள்வியும் வேறு. சோதனை என்று நான் சொன்னது இதைத்தான். காடு காத்தது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல நிலம் விடவில்லை. காட்டுக்குப் பங்கே இல்லை என்று முடிவு கட்டவும் விடவில்லை. எந்த ஊருக்கு, எந்தப் பக்கத்துக் காடு, எவ்வளவு உயரத்தில் என்று கேட்க வைத்தது. அவரவர் விருப்பம் என்பது இவ்வளவு பிடிவாதமாக நடந்துகொள்ளாது.

வாதம் ஆய்விதழோடு நிற்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காடுதான் காரணம் என்றால் செய்ய வேண்டியது மரம் நடுவது. தொலைவும் உயரமும்தான் காரணம் என்றால் ஊரை நகர்த்துவது. கரையெங்கும் சவுக்கு நட்டார்கள். உயர் ஓதக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு உள்ளவர்கள் விரும்பினால் அப்பால் புதுவீடு பெறலாம் என்று 2005இல் அரசு அறிவித்தது. பொறியாளருக்கு இந்த 200 மீட்டர் பாதுகாப்பு. கரையில் கட்டுமரத்தையும் வலையையும் விட்டுவிட்டு, நீரோட்டத்தையும் காற்றையும் வாசலிலிருந்தே பார்த்துக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்பவருக்கு அதே 200 மீட்டர் தொழில் நட்டம். இடம் என்று புவியியலார் சொல்லும் கருத்து, அமைவிடத்திலிருந்து பிரிவது இங்கேதான். புள்ளி ஒன்றே, அங்கே வாழ்பவருக்கு அது வெறும் புள்ளி அல்ல.

இன்னொரு மறுப்பு நம் மரபின் பக்கமிருந்து வரும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து ஐந்திணை வகுத்தவர்களுக்கு இந்த வெளிநாட்டுக் கருத்துகள் எதற்கு என்பது அது. திணைக் கோட்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். நிலம், உயிரினம், தொழில், மனநிலை ஆகியவற்றை ஒரே கட்டில் வைத்துப் பார்த்த வட்டாரச் சிந்தனை அவ்வளவு பழமையாக வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஆனால் அதுவும் ஒரு தேர்வு, அதுவும் ஒரு கேள்விக்காக. அகப்பாடலின் ஒழுக்கத்தைப் பொருத்திக் காட்டுவது அதன் வேலை. திணைகள் மயங்கலாம், நிலங்கள் மயங்குவதில்லை என்பது தொல்காப்பியத்தின் நிலைப்பாடு. இலக்கணத்துக்கு அந்தக் கட்டுப்பாடு தேவை. பிச்சாவரத்தை அடுத்த கிள்ளைக்கும் முடசலோடைக்கும் போனால் நிலம் மயங்குவதுதான் அன்றாடம்: ஒரு பக்கம் நெல்வயல், இடையில் உப்பங்கழி, அப்பால் மணல்திட்டு, கோடையில் உப்பு மேலேறி வயலைத் தொடும், ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் நன்னீர் கழிக்குள் இறங்கும். மருதம் எங்கே முடிந்தது, நெய்தல் எங்கே தொடங்கியது என்று அங்கே கோடு கிழிக்க முடியாது. தில்லை மரம் செழிப்பது இந்த இடைநிலத்தில்தான். தில்லை என்று அந்த மரத்தின் பெயரைத் தாங்கிய சிதம்பரம் இன்று கழிக்காட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது.

வட்டாரம் என்ற கருத்துக்குச் சட்டப் பல் முளைக்கும்போது என்ன ஆகிறது என்பதையும் இம்மாவட்டம் காட்டுகிறது. 1993இல் பழைய தென்னார்க்காடு இரண்டாகப் பிரிந்து கடலூர் தனி மாவட்டம் ஆயிற்று. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு கடலூரின் ஐந்து ஒன்றியங்களையும் சேர்த்துக்கொண்டது: காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை. காவிரிப் பாசனம் எட்டும் பகுதி என்பது அதன் நியாயம். கோடு போட்டதோ ஒன்றிய எல்லையில். 2023இல் ஒன்றிய அரசு ஏலத்துக்கு அறிவித்த பழுப்பு நிலக்கரித் தொகுதிகளில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே இருந்ததும் ஒன்று. மாநில அரசு எதிர்த்தது, அது கைவிடப்பட்டது. வட்டாரக் கோடு அங்கே வேலை செய்தது. அதே ஆண்டு ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத்துக்கான பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கின. அங்கே பேசப்பட்டது வட்டாரம் அல்ல, முன்பே கையகப்படுத்திய நிலம் யாருடையது என்ற பட்டாக் கணக்கு.

சட்டத்துக்கு உறுதியான கோடு வேண்டும், உங்கள் நுணுக்கமெல்லாம் வழக்கு மன்றத்தில் எடுபடாது என்பது நிர்வாகிகள் சொல்லும் மறுப்பு. கோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கேள்விக்குப் போட்ட கோட்டை மற்றொரு கேள்விக்கும் இழுப்பதுதான் சிக்கல். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கம் மூழ்காமல் இருக்கும். இறைத்த நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ச் சேர்ந்து கீழே உள்ள வயல்களுக்கு உதவுகிறது. நீர் எடுக்கும் பக்கத்திலோ ஆழ்துளைக் கிணறு கீழே போய்விட்டது என்பது உழவர்களின் முறையீடு. இந்த ஆதாயத்தையும் நட்டத்தையும் ஒன்றிய எல்லையை வைத்துப் பிரிக்க முடியாது, நீர்தாங்கிப் பாறையின் எல்லையை வைத்துத்தான் பிரிக்க முடியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. அடுத்து அது உள்நாட்டுக்கு நகர்ந்து, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவு மழை கொட்டியது. சாத்தனூர் அணை நிரம்பித் திறக்கப்பட்டது. டிசம்பர் 2, 3 நாள்களில் தென்பெண்ணை கடலூரின் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. புயல் எச்சரிக்கை மாவட்டவாரியாக வந்தது, வெள்ளம் ஆற்றுவாரியாக வந்தது. ஊத்தங்கரை மழைமானியும் சாத்தனூர் மதகும் கடலூர் மாவட்ட ஆட்சியரின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. ஆற்றுப்படுகைக்கு என்று ஒரு கோடு, சுரங்க நீருக்கு என்று ஒரு கோடு, குப்பங்களுக்கு அரை மீட்டர் உயர வேறுபாடும் தெரியும் அளவில் ஒரு வரைபடம் என மூன்றையும் தனித்தனியே வரைந்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் அது எந்தக் கேள்விக்கான கோடு என்று எழுதிவைக்கலாம். கருவிகள் இருக்கின்றன. நிர்வாக எல்லையை மட்டும் நிலத்தின் எல்லையாக நினைக்கும் பழக்கம்தான் குறுக்கே நிற்கிறது. அந்தப் பழக்கத்துக்குப் பீரங்கி வட்டத்தின் அளவுகூட நியாயம் இல்லை, ஏனென்றால் 1690இல் குண்டு எதற்காகச் சுடப்பட்டது என்று சுட்டவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.